கட்டி முடியாத சைக்கிள் பாதையை வரைபடத்தில் இப்போதே போடலாமா? (கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கம்)

கால்வாய்க்கரை எழுதியது:

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை நாவலப் பக்கம். காலையில் பஸ்ஸில் போனால் ஹெவ்லொக் வீதியிலும் ஹைலெவல் வீதியிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். சைக்கிளில் போனால் அதே வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் கொஞ்ச நாளாக வீதியை விட்டுவிட்டுக் கால்வாய்ப் பக்கம் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோட்டேப் பக்கத் தண்ணீர் கிருலப்பனைக் கால்வாயாக வந்து, பிறகு வெள்ளவத்தை, தெஹிவளை என்று இரண்டாகப் பிரிந்து கடலில் விழுகிறது. அப்படியென்றால் கரையைப் பிடித்துக்கொண்டே போனால் கடற்கரையிலிருந்து சதுப்பு நிலம் வரைக்கும் ஏற்றம் இறக்கம் இல்லாத ஒரு வழி இருக்க வேண்டும். பல இடங்களில் கரையோரமாக மண் பாதையும் இருக்கிறது, கால்வாய் துப்புரவாக்க வரும் இயந்திரங்களுக்காக விட்டது. ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது, ஒன்று மற்றதோடு சேராது.

இப்போது அதில் ஒரு துண்டில் வேலை நடக்கிறது. மண் பாதையை அகலமாக்கிக் கல் கொட்டி உருட்டியிருக்கிறார்கள், கொஞ்ச தூரத்துக்கு இன்டர்லொக் கல்லும் பதித்தாகிவிட்டது, அதற்கு அங்கால் வெறும் கம்பி கட்டிய குழிகள், அதற்கும் அங்கால் பழைய மண் பாதையும் புல்லும். நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் பாலத்துக்கு இரண்டு பக்கத் தூணும் எழுந்து நிற்கிறது, மேல் தளம் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. எப்போது முடியும் என்ற இடத்தில் திகதி அழிந்துபோயிருக்கிறது.

யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கோடும் இல்லை. எனக்கு அதைப் போட வேண்டும் என்று ஆசை. கடைப் பெயர், ஒழுங்கைப் பெயர் எல்லாம் போனில் திருத்தியிருக்கிறேன், ஆனால் ஒரு புதுப் பாதையை முதலிலிருந்து வரைந்தது கிடையாது. கேட்க வேண்டியது சில விஷயம். வேலை முடியாத பாதையை இப்போதே போடுவது சரியா, அல்லது திறக்கும் வரைக்கும் பொறுக்க வேண்டுமா? போட்டால் முடிந்த துண்டு, முடியாத துண்டு, இல்லாத பாலம் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது? போனில் ஜிபிஎஸ் போட்டு நடந்து பார்த்தேன், கோடு கால்வாய்க்குள்ளே போய்ப் போய் வருகிறது, அதை என்ன செய்வது? பிறகு, உள்ளே போய்ப் பார்ப்பதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் கொழும்பில் எத்தனை பேர் சைக்கிள் வாங்கினார்கள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தொடர்மாடியின் கீழ்த் தளத்தில் அந்த நாள் சைக்கிள்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன, தூசி பிடித்து, டயரில் காற்று இல்லாமல். ஓட்டத் தெரியாததால் அவை நிற்கவில்லை. வீதியில் ஓட்டப் பயம், அவ்வளவுதான். இந்தப் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த ஒழுங்கையால் உள்ளே போகலாம் என்று சனத்துக்குத் தெரிந்தால், திறக்கும் நாளிலேயே அதில் சில சைக்கிள்கள் வெளியே வரும்.

கோட்டேவாசி பதில்:

தம்பி, போடுங்கள். பொறுக்க வேண்டாம். ஆனால் இன்று அது எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், நாளைக்கு எப்படி இருக்கப்போகிறது என்று நினைத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

வேலை நடக்கும் பாதைக்கென்று தனி டேக் (கோடு எதைக் காட்டுகிறது என்று சொல்லும் குறிப்பு) இருக்கிறது. ஹைவே என்ற இடத்தில் கொன்ஸ்ட்ரக்ஷன் என்று கொடுத்துவிட்டு, அடுத்ததாகக் கொன்ஸ்ட்ரக்ஷன் என்ற டேக்கில் சைக்கிள்வே என்று கொடுக்க வேண்டும். (எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே உச்சரிப்புக்காக இப்படி எழுதுகிறேன்.) அப்படிக் கொடுத்தால் வரைபடத்தில் கோடு தெரியும், பார்ப்பவருக்கு இங்கே ஏதோ வருகிறது என்று விளங்கும், ஆனால் வழிகாட்டும் செயலிகள் யாரையும் அதற்குள் அனுப்பாது. நேரே சைக்கிள்வே என்று போட்டீர்களோ, அடுத்த நாளே யாரோ ஒருவரை அது அந்தப் பாலம் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போகும். இன்னொன்றும் யோசியுங்கள். நிறையப் பேர் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பாவிக்கிறார்கள், மாதக்கணக்கில் புதுப்பிக்க மாட்டார்கள். நீங்கள் இரண்டு நாளில் திருத்தினாலும் அந்தப் பிழை அவர்கள் போனில் அப்படியே கிடக்கும். இரவு ஏழு மணிக்கு, மழையில், விளக்கு இல்லாத கால்வாய்க் கரையில் ஒருவர் அதை நம்பி வருகிறார் என்று நினைத்துக்கொண்டு வரையுங்கள்.

முடிந்த துண்டு, முடியாத துண்டு என்று கேட்டீர்கள். வரைந்த கோட்டைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். இன்டர்லொக் பதித்த பகுதி ஒரு துண்டு, உருட்டிய கல் ஒரு துண்டு, குழிகள் உள்ள பகுதி ஒரு துண்டு, பழைய மண் பாதை ஒரு துண்டு. கல் பதித்த துண்டு பார்க்க முடிந்தது மாதிரி இருந்தாலும், தகர வேலிக்குள் இருந்தால் அதுவும் கொன்ஸ்ட்ரக்ஷன்தான். சனம் இப்போதும் நடந்து போகிற பழைய மண் பாதையைக் கொன்ஸ்ட்ரக்ஷன் என்று மாற்றாதீர்கள், அது இன்று உண்மையில் இருக்கும் வழி, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதால்தான் போய் வருகிறார்கள். பாலத்துக்கு, தூண் இருப்பதால் அந்தச் சின்னத் துண்டையும் கொன்ஸ்ட்ரக்ஷனாக, பிரிட்ஜ் என்பதற்கு யெஸ், லேயர் (எந்த மட்டத்தில் இருக்கிறது) என்பதற்கு ஒன்று என்று போடலாம். தூண்கூட இல்லாமல் பலகையில் படம் மட்டும் இருந்தால் நான் போட மாட்டேன். திட்டத்தில் உள்ளதற்கு ப்ரொபோஸ்ட் என்று ஒரு டேக் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கொழும்பில் பலகையோடு நின்றுபோன திட்டங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். போய்ப் பார்த்து உறுதி செய்ய முடியாத ஒன்றை வரைபடத்தில் வைத்தால் அதை அழிக்கப் பிறகு யாரும் வர மாட்டார்கள்.

இனி ஜிபிஎஸ். போன் ஜிபிஎஸ் திறந்த வானத்துக்குக் கீழேயே சுமார் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். உங்கள் பாதையின் அகலமே மூன்று மீட்டருக்குப் பக்கம்தான் இருக்கும், அதனால் கோடு தண்ணீருக்குள் போவது அதிசயமில்லை. வெள்ளவத்தைப் பக்கம் போனால் இன்னும் மோசம், உயர்ந்த தொடர்மாடிச் சுவர்களில் சிக்னல் பட்டுத் திரும்புகிறது, மரத்தின் கீழும் அப்படித்தான். ஒரு தடவை நடந்ததை வைத்து வரையாதீர்கள். போகும்போதும் வரும்போதும் பதிவு செய்யுங்கள், வேறு வேறு நாளில் செய்தால் இன்னும் நல்லது, செயற்கைக்கோள்கள் நிற்கும் இடம் மாறியிருக்கும். விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கால்சட்டைப் பையில் போடாமல் முதுகுப் பையின் மேற்பக்கத்தில் வையுங்கள். இப்படிப் பதிவான எல்லா ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் பதிவுக் கோப்பு) கோடுகளையும் ஒன்றாகத் திறந்து அவற்றின் நடுவால் போங்கள்.

பிறகு செய்மதிப் படத்தோடு ஒப்பிடுங்கள். படத்தில் பாதை இருக்காது, படம் பழையது. ஆனால் கால்வாயின் கரை இருக்கும், வீதிப் பாலங்கள் இருக்கும், அவை அசையாதவை. படமே சில மீட்டர் தள்ளி இருக்கக்கூடும், அதனால் முதலில் ஒரு வீதிச் சந்தியில் உங்கள் ஜிபிஎஸ் கோடுகளும் படமும் பொருந்துகிறதா என்று பார்த்துப் படத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு மீட்டர் அங்கால் இங்கால் போனால் பெரிய பிழை இல்லை. ஆனால் பாதை கால்வாயின் எந்தக் கரையில் இருக்கிறது என்பது பிழைக்கவே கூடாது, அது பிழைத்தால் அடுத்த பாலம் வரைக்கும் சுற்ற வேண்டும்.

கூகுள் மேப்பைப் பார்த்து வரையக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. பிங், எஸ்ரி படங்களை எடிட்டரே தருகிறது, அவற்றை வைத்து வரையலாம். வரைந்து முடித்ததும் சோர்ஸ் என்ற இடத்தில் சேர்வே (நேரில் போய்ப் பார்த்தது) என்றும் நீங்கள் போய்ப் பார்த்த திகதியையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் எங்கேயோ இருந்து படத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் இங்கே பாதை ஒன்றும் இல்லையே என்று அழித்துவிடுவார்.

சைட்டில்_நிற்பவன் பதில்:

நான் இந்த வேலையில் இல்லை, ஆனால் இதே மாதிரிக் கால்வாய்க் கரை வேலைகளில் நின்றிருக்கிறேன். யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாசலில் நிற்கும் காவலாளியிடம் சைட் ஒஃபிஸ் எங்கே என்று கேளுங்கள், அங்கே இருக்கும் டெக்னிக்கல் ஒஃபிசரிடம் போங்கள். எதற்கு என்று நேரே சொல்லுங்கள், போனில் வரைபடத்தையும் காட்டுங்கள். வேலை நிற்கும் நேரமாகப் பார்த்து ஒருவரை உங்களோடு அனுப்புவதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஹெல்மெட்டும் தருவார்கள். போயா நாளில் யாரும் இல்லை என்று உள்ளே போகாதீர்கள். வேலை இல்லாத நாளில் விழுந்தால் தூக்கவும் ஆள் இருக்காது.

பார்க்க முடிந்த மாதிரி இருப்பது ஏன் முடியவில்லை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனம் அதில்தான் ஏமாறுகிறது. இன்டர்லொக் பாதைக்குக் கீழே முதலில் மண்ணை உருட்டி இறுக்க வேண்டும், அதன் மேல் ஏபிசி என்று நாங்கள் சொல்லும் கல்லும் தூளும் கலந்த படை, அதையும் தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும், அதன் மேல் மெல்லிய மணல், அதன் மேல்தான் கல். கல்லை அடுக்கியதும் வேலை முடிவதில்லை. ஓரக் கல் கொங்கிரீட்டில் இறுக வேண்டும், கொம்பெக்டர் (அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) ஓட வேண்டும், இடைவெளிகளில் மணல் நிரப்பித் திரும்பவும் கொம்பெக்டர் ஓட வேண்டும். அதற்கு முன்னர் ஓரத்தில் ஒரு சைக்கிள் சக்கரம் ஏறினால் கல் சரியும், சரிந்த கல்லுக்குக் கீழே மணல் கலையும், அடுத்த மழைக்கு அந்த இடம் பள்ளம். கொங்கிரீட் போட்ட இடங்களில் ஒரு கிழமையில் மேலே கால் வைக்கலாம் போலத்தான் இருக்கும், ஆனால் முழுப் பலத்தைக் கணக்கிடுவது 28 நாளில்.

கரையோரத்தில் கேபியன் பார்த்திருப்பீர்கள், கம்பிக் கூடைக்குள் கருங்கல் அடுக்கியது. அதற்கும் பாதைக்கும் நடுவில் மண் நிரப்பி இறுக்குவதுதான் பெரும்பாலும் கடைசியாக நடக்கும். மேலே தட்டையாகத் தெரியும், உள்ளே வெறுமையாக இருக்கலாம். ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு அந்த ஓரத்தில் யாரும் போகக் கூடாது. விளக்குக் கம்பம் வரும் இடங்களில் அத்திவாரத்தில் போல்ட் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் டயர் மட்டுமல்ல, காலும் கிழியும்.

வரைபடத்துக்காக இன்னொரு விஷயம். பலகையில் உள்ள திட்டப் படத்தைப் பார்த்துக் கோடு போடாதீர்கள். தோண்டும்போது தண்ணீர்க் குழாய் வரும், கேபிள் வரும், படத்தில் இல்லாத பழைய மதகு வரும், பாதை இரண்டு மூன்று மீட்டர் வளைந்து போகும். கோட்டேவாசி அண்ணா சொன்னது சரி, நிலத்தில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

பாதை முடிந்த பிறகும் அந்தக் கால்வாயின் முதல் வேலை வெள்ளத்தை வடியவிடுவது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்தைச் சுற்றியே தண்ணீர் நின்றது, அதற்குப் பிறகு இந்தக் கால்வாய்களில் பெரிய வேலைகள் நடந்தன. ஆகாயத்தாமரை அள்ளவும் மண் அள்ளவும் இயந்திரம் திரும்பத் திரும்ப அந்தக் கரையால்தான் வரும். அந்த நாட்களில் பாதையை மூடுவார்கள். அப்படி இரண்டு மூன்று நாள் மூடுவதை வரைபடத்தில் போடத் தேவையில்லை என்று நினைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டேவாசி பதில்:

ஆம், தேவையில்லை. சில நாள் மூடலைப் போட்டால் திறந்த பிறகும் மூடியதாகவே பலர் போனில் இருக்கும்.

தேன்மலர் பதில்:

நான் நுகேகொடையிலிருந்து மகளைப் பின்னால் இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். கல் எப்படிப் பதித்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான். நான் முதலில் பார்ப்பது எந்த இடத்தால் உள்ளே போகலாம், எந்த இடத்தால் வெளியே வரலாம் என்று. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் மதில், நடுவில் நீளமான பாதை, வெளியேற ஒரு வழியும் இல்லை என்றால் ஆறு மணிக்குப் பிறகு நான் அதில் போக மாட்டேன், என்னைத் தெரிந்த பெண்களும் போக மாட்டார்கள். அதனால் தம்பி, கோட்டை வரைவதோடு நிறுத்தாதீர்கள். எந்தெந்த ஒழுங்கை பாதையோடு வந்து சேர்கிறது, எது மதிலில் முட்டி நிற்கிறது, எங்கே படல் இருக்கிறது, அது இரவில் பூட்டப்படுமா, எங்கே படி மட்டும் இருக்கிறது, படியின் ஓரத்தில் சைக்கிள் உருட்ட வழி விட்டிருக்கிறார்களா, இதையெல்லாம் எடுங்கள். விளக்குக் கம்பம் வரும் இடங்களையும் குறித்து வையுங்கள், ஆனால் விளக்கு எரிவதைப் பார்க்கும் வரைக்கும் விளக்கு உண்டு என்று போடாதீர்கள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க இரும்புக் குழாய் நடுவார்கள். அது நல்லதுதான், இல்லையென்றால் ஒரு மாதத்தில் அது மோட்டார் சைக்கிள்களின் குறுக்குவழியாகிவிடும். ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு என்று நாடா பிடித்து அளக்க வேண்டும். வளைத்து வளைத்து வைக்கும் குழாய்த் தடுப்புக்குள் என் சைக்கிள் நுழையாது, சக்கர நாற்காலி நுழையாது, மீன் பெட்டி கட்டிய சைக்கிளும் நுழையாது. அளவை வரைபடத்தில் போட இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அண்ணா சொல்லுங்கள்.

இதை இப்போதே செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை நடக்கும்போது ஒரு சரிவை வைப்பது ஒரு நாள் கொங்கிரீட் வேலை. திறப்பு விழா முடிந்து, கொன்றாக்டர் போன பிறகு அதே சரிவைக் கேட்டால் புதிய மதிப்பீடு, புதிய ஒப்புதல், புதிய நிதி என்று ஆண்டுக்கணக்கில் போகும். எங்கள் ஒழுங்கை முனையில் இப்போது ஒரு முழ உயரத்துக்கு ஓரக் கல் வைத்திருக்கிறார்கள், நாளைக்கு அந்த ஒழுங்கையிலிருந்து யாரும் சைக்கிளை ஏற்ற முடியாது. இப்படி எந்தெந்த ஒழுங்கைகள் வெட்டுப்படுகின்றன என்று வரைபடத்தில் காட்டி, அதை அச்சடித்து, ஒழுங்கையில் இருப்பவர்கள் கையெழுத்தோடு மாநகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்பார்கள். வாயால் போய் இங்கே கஷ்டம், அங்கே கஷ்டம் என்றால் எந்த இடம் என்றே அவர்களுக்கு விளங்காது.

சந்திகளையும் மறக்காதீர்கள். கால்வாய் பெரிய வீதியைக் கடக்கும் இடத்தில் பாதை என்ன செய்கிறது? பாலத்துக்குக் கீழால் போகிறதா, அல்லது மேலே ஏறி வீதியில் விட்டுவிடுகிறதா? மேலே ஏறினால் மஞ்சள் கடவையும் கலர் லைட்டும் எவ்வளவு தூரத்தில்? கரையில் எவ்வளவு வடிவான பாதை போட்டாலும், ஹைலெவல் வீதியைக் கடக்க முடியாவிட்டால் அது பின்னேரம் நடக்கப் போகிறவர்களுக்கான பாதைதான், வேலைக்குப் போகும் பாதை ஆகாது.

நீர்க்கோழி பதில்:

ஒரு வேண்டுகோள். நாவலப் பக்கத்திலிருந்து மேலே போகப் போகக் கால்வாய் சதுப்பு நிலத்தை ஒட்டி வருகிறது. 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது இந்தச் சதுப்புகளால்தான். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இவ்வளவு பெரிய நகரத்துக்குள் இன்னும் இருக்கின்றன, நம்மில் பலருக்கு அது தெரியாது. வேலையாட்கள் சாமான் கொண்டுவர நாணலை வெட்டித் தற்காலிகமாகச் சில வழிகள் போட்டிருப்பார்கள். அவற்றை வரைபடத்தில் பாதையாகப் போட்டுவிடாதீர்கள். போட்டால் சனம் போகும், சனம் போனால் நாணல் திரும்ப வளராது. அந்தப் பூனை இரவில் நடமாடுவது அந்த நாணலுக்குள்ளால்தான்.

காலையில் போனால் கபரக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) பாதையின் நடுவில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கும். மணியை அடித்து விரட்ட வேண்டாம், நின்று வழி விட்டால் அதுவே இறங்கிப் போகும். பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஏரிப் பக்கம் முதலையும் உண்டு, அளக்கிறோம் என்று தண்ணீர் விளிம்பில் இறங்கி நிற்காதீர்கள்.

கால்வாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாகச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சைட் ஒஃபிஸில் கேட்டேன். டெக்னிக்கல் ஒஃபிசர் நல்ல மனுஷன், வேலை முடிந்த பிறகு ஒருவரை என்னோடு அனுப்பினார். அந்த அய்யே கால்வாய்க் கரையிலேயே வளர்ந்தவராம், எந்த ஒழுங்கை எங்கே வந்து சேரும், எந்த வீட்டுக்காரர் மதில் கட்டி மறித்தார், எந்த இடம் மழைக்குத் தண்ணீருக்குக் கீழே போகும் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. செய்மதிப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தாலும் எனக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. தண்ணீருக்குக் கீழே போகும் இடம் ஒரு வீதிப் பாலத்தின் அடியில். அங்கே பாதை தாழ்ந்து போகிறது, தலைக்கு மேலே உயரமும் குறைவு.

துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன். தேன்மலர் அக்கா சொன்னபடி ஒழுங்கைகளையும் எடுத்தேன். மதிலில் முட்டுவதைத் தனியாகவும், ஓரக் கல்லால் வெட்டுப்படுவதைத் தனியாகவும் குறித்திருக்கிறேன். வெட்டுப்படுபவை நான் நினைத்ததைவிடக் கூட. அக்கா, உங்கள் ஒழுங்கை முனையையும் சேர்த்து அச்சடித்துத் தருகிறேன், கையெழுத்து வாங்க உங்களால் முடியுமா? பாதையின் அந்தப் பக்கம் எனக்கு ஆட்களைத் தெரியாது.

இன்னும் இரண்டு கேள்வி. பாலத்துக்கு அடியில் தாழ்ந்து போகும் இடத்தை எப்படிக் காட்டுவது? பாதை திறந்ததும் இதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டுமா?

தேன்மலர் பதில்:

முடியும். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் போடுவார்கள், பக்கத்து ஒழுங்கையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், அவர் கேட்டால் மறுப்பவர் இல்லை. சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் எழுதி வைக்கிறேன். வரைபடத்தில் ஒழுங்கைப் பெயர்களை மூன்று மொழியிலும் போட்டு அச்சடியுங்கள்.

கோட்டேவாசி பதில்:

அழிக்கவே கூடாது. அதே கோட்டில் கொன்ஸ்ட்ரக்ஷனை எடுத்துவிட்டு ஹைவேயில் சைக்கிள்வே என்று மாற்றினால் போதும். நடப்பவர்களுக்கும் அதே பாதைதான் என்றால் ஃபுட், பைசிக்கிள் இரண்டுக்கும் டெசிக்னேட்டட், நடுவில் கோடு போட்டுப் பிரிக்கவில்லை என்றால் செக்ரிகேட்டட் என்பதற்கு நோ. கோடு பழையதாகவே இருந்தால் அது எப்போது தொடங்கியது, யார் எப்போது பார்த்தது என்ற வரலாறும் அதோடு சேர்ந்தே இருக்கும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் (போகிற இடத்தில் கேள்வி கேட்டு வரைபடத்தைத் திருத்தும்) செயலி வைத்திருப்பவர்களுக்கு, வேலை நடக்கிறது என்று குறித்த இடம் கொஞ்ச காலம் யாராலும் தொடப்படாமல் இருந்தால், இந்த வேலை முடிந்ததா என்று அதுவே கேட்கும். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேறு ஒருவர் அந்தப் பக்கம் போகும்போது பதில் சொல்லிவிடலாம்.

பாலத்துக்கு அடியில் உள்ள துண்டைத் தனியாக வெட்டி, வெள்ளத்தில் மூழ்கும் என்பதற்கு ஃப்ளட் ப்ரோன் யெஸ் என்று போடுங்கள். உயரத்தை அடுத்த முறை நாடாவால் அளந்து மெக்ஸ்ஹைட் என்பதில் மீட்டரில் எழுதுங்கள். தேன்மலர் கேட்ட இரும்புக் குழாய் இடைவெளிக்கு, குழாய் நிற்கும் புள்ளியில் மெக்ஸ்வித் பிசிக்கல் என்ற டேக் இருக்கிறது.

நீங்கள் போட்டதை இப்போது பார்த்தேன். கோடு நன்றாக வந்திருக்கிறது, கரையும் சரி. ஒரு விஷயம்தான் திருத்த வேண்டும்: மூன்று ஒழுங்கைகளின் முனை பாதையைத் தொடுவது போலத் தெரிகிறது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி ஒட்டவில்லை. புள்ளி ஒட்டாவிட்டால் வழிகாட்டும் செயலிக்கு அந்த ஒழுங்கை இல்லாத மாதிரித்தான், திறந்த பிறகும் சனத்தைச் சுற்றித்தான் அனுப்பும். அவற்றை ஒட்டிவிடுங்கள். ஓரக் கல் உள்ள முனைகளில் கேர்ப் என்பதற்கு ரெய்ஸ்ட் என்று புள்ளியிலேயே கொடுங்கள், கடிதத்துக்கு அச்சடிக்கும்போது அவற்றை மட்டும் சிவப்பில் எடுக்க நான் உதவுகிறேன். தெஹிவளைக் கால்வாய்ப் பக்கக் கரையை இந்தச் சனிக்கிழமை காலை நான் நடந்து எடுக்கிறேன். வெள்ளவத்தைப் பக்கத்தில் கடல் வரைக்கும் உள்ள துண்டு இன்னும் யாரும் எடுக்காமல் இருக்கிறது.

சைட்டில்_நிற்பவன் பதில்:

வெள்ளவத்தைத் துண்டை நான் எடுக்கிறேன். மரைன் டிரைவ் முனையிலிருந்து தொடங்கி மேலே வருகிறேன். நாடாவும் கொண்டுவருவேன்.